பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் போகுமுன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்

2016 தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது முறுக்குச் சட்டி சரிந்து, என் வலது கை விரல்களிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை வெந்துபோனது. அப்புறம் இரண்டு ஆபரேஷன், ஒன்றரை வருடம் அழுத்தக் கையுறை, மெடிக்கல் எய்டோடு (இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதுதான் பெயர்) ஏழு மாதம் இழுபறி. அதன் பலன், இன்றைக்கு டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் யாரையாவது பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கச் சொன்னால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு முன்னால் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். தீக்காயக்காரர்கள் மட்டுமில்லை, பிள்ளை பெற்ற வயிறு தொங்குகிறது, மூக்கு கோணல், கம்மல் இழுத்துக் காது கிழிந்துவிட்டது என்று வருகிறவர்களும் உண்டு. கடைசியாக வந்தவள் என் சொந்த நாத்தனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறவள். உங்கள் உடம்புக்கு எது சரி என்று எனக்குத் தெரியாது. டாக்டர் அறைக்குள் போனால் எதைக் கேட்பது என்பது தெரியும்.

முதலில் அந்தப் பெயர். எனக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா போன் போட்டு, "ஏட்டி, பிளாஸ்டிக் வச்சுத் தைச்சா அடுப்புப் பக்கம் நின்னா உருகிராதா?" என்று கேட்டாள், நிஜமான கவலையோடு. பிளாஸ்டிக் எதையும் வைப்பதில்லை. வடித்து உருக்கொடுப்பது என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல் அது, நாம் வாளிக்குச் சொல்லும் பிளாஸ்டிக் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிப் பலகையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை என்று எழுதியிருப்பார்களே, அதுதான் இது.

தழும்பைப் பற்றி

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, தழும்பு தெரியாமல் செய்துவிடுவார்களா என்பது. மாட்டார்கள். தோலைக் கத்தி தொட்டால் தழும்பு உண்டு, எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும். பிளாஸ்டிக் சர்ஜன் செய்வது, தழும்பை எங்கே வைத்தால் கண்ணுக்குப் படாது, எந்தத் திசையில் வைத்தால் இறுகாது, எத்தனை அடுக்காகத் தைத்தால் மெலிதாக ஆறும் என்று பார்த்து வைப்பது. அதனால் அறைக்குள் போனதும் "எனக்கு எப்படி இருக்கும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், "எங்கே வெட்டுவீர்கள், எத்தனை சென்டிமீட்டர், பேனாவால் என் மேலேயே வரைந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு இது தினசரி வேலை, எப்படியும் ஆபரேஷன் அன்று காலையில் வரையத்தான் போகிறார்கள். முன்கூட்டியே வரைந்து கண்ணாடியில் பார்த்துவிட்டால், பாதிப் பேருக்கு வேண்டுமா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நம் தோல் நிறத்துக்கு இது வேறு கணக்கு. வெள்ளைக்காரர்களின் தழும்பு சிவந்து பிறகு வெளுக்கும். நமக்குக் கறுக்கும், கறுத்தது தெளிய ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும், சில இடத்தில் தெளியவே தெளியாது. அதோடு கீலாய்டு என்று ஒன்று, தழும்பு அதன் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் மேடாகப் பரவி வளர்வது. காது மடல், நெஞ்சு, தோள், தாடை ஓரம் ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். உங்களுக்கோ உங்கள் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களுக்கோ அம்மை குத்திய இடமோ காது குத்திய இடமோ இப்படி மேடாக வளர்ந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் காட்டும் முன்-பின் படங்களிலும் உங்கள் நிறத்து ஆட்களின் படத்தை, அதுவும் ஒரு வருடம் கழித்து எடுத்ததை, கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆறு வாரத்தில் எடுத்த படம் எதையும் சொல்லாது.

ஒட்டும் மடலும்

தோல் ஒட்டு என்றால் ஓரிடத்துத் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் விரிப்பது. அந்தத் தோலுக்குச் சொந்தமாக இரத்த ஓட்டம் கிடையாது. கீழே உள்ள புண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரண்டு மூன்று நாள் உயிரைப் பிடித்திருக்கும், அதற்குள் புது இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்துவிட வேண்டும். அந்த நாட்களில் அது கொஞ்சம் நகர்ந்தாலோ அடியில் இரத்தம் கட்டினாலோ போச்சு. ஆகவேதான் கட்டை அசைக்காதே, கையைத் தொங்கப்போடாதே என்று நர்ஸ் திட்டுவது.

எனக்குத் தொடையிலிருந்து எடுத்தார்கள். யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டதை நான் உங்களுக்குச் சொல்கிறேன்: வெந்த கையை விடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் வலித்தது. சிமெண்ட் தரையில் உராய்ந்து சிராய்த்தால் எப்படி எரியுமோ அது, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடத்தில், பத்துப் பன்னிரண்டு நாள். புறங்கைக்குத் தோலை அப்படியே முழுத் தகடாக வைத்தார்கள். முன்கைக்குப் போதவில்லை என்று ஒரு சின்ன மெஷினில் கொடுத்து உருட்டினார்கள், அது தோலில் வரிசையாகக் கீறல் போட, இழுத்தால் வலை மாதிரி விரிந்து இரண்டு மடங்கு இடத்தை மூடுகிறது. காயம் ஆறிவிட்டது, ஆனால் அந்த வலைக் கோலம் போகவில்லை; இன்றைக்கும் என் முன்கையைப் பார்த்தால் இடியாப்பத் தட்டை அழுத்தி எடுத்தது போல இருக்கும். வகுப்புப் பிள்ளைகள் விரலை வைத்துக் கட்டம் எண்ணுகிறார்கள். "முழுத் தகடா, வலையா" என்று முன்பே கேட்டிருந்தால் எனக்கு அதிர்ச்சி குறைந்திருக்கும், அவ்வளவுதான், முடிவு ஒன்றும் மாறியிருக்காது.

மடல் வேறு. தோலையும் கொழுப்பையும், சில சமயம் தசையையும், அதற்கு இரத்தம் கொடுக்கும் குழாயோடு சேர்த்தே நகர்த்துவது மடல். எலும்பு, நரம்பு, தசைநார் வெளியே தெரிந்தால் மெல்லிய ஒட்டு அங்கே பிடிக்காது, மடல்தான் வேண்டும். இதில் நமக்கு ஒரு பழைய சம்பந்தமும் இருக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் வண்டிக்காரர் காவஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கறுபட்டார். பூனா பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதிக்காரர் ஒருவர் நெற்றித் தோலைக் காம்போடு (இரத்தம் வரும் ஒரு முனையை அறுக்காமல் விட்டு) வெட்டி, திருப்பி, மூக்காக மடித்துத் தைத்தார். அங்கிருந்த ஆங்கிலேய டாக்டர்கள் பார்த்தார்கள், 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது, அதைப் பார்த்துப் பழகிய கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் அதே ஆபரேஷனைச் செய்தார். மூக்கில் தோல் புற்றுநோயை எடுத்த இடத்தை மூட இன்றைக்கும் அதே நெற்றி மடல்தான். காம்பை அறுத்துவிட இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஆபரேஷன் உண்டு, நடுவில் நெற்றிக்கும் மூக்குக்கும் பாலம் போட்ட முகத்தோடுதான் இருக்க வேண்டும். இதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காம்பே இல்லாமல் வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து இரத்தக் குழாயை இணைத்துத் தைப்பதும் இருக்கிறது, மார்பகம், தாடை, கால் எல்லாவற்றுக்கும். அது பல மணி நேர ஆபரேஷன். முதல் ஒன்றிரண்டு நாள் மணிக்கொருதரம் வந்து நிறம் பார்ப்பார்கள், சூடு பார்ப்பார்கள். நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ நடு ராத்திரியில் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள்.

எந்தப் பெட்டியில் போடுகிறார்கள்

சீரமைப்பு, அழகு என்று இரண்டு பெட்டி. பிறவிக் குறை, விபத்து, தீ, புற்றுநோய் இதெல்லாம் முதல் பெட்டி. நன்றாக இருக்கும் உறுப்பை இன்னும் நன்றாக்குவது இரண்டாவது. சொல்லும்போது சுலபம். ஆனால் கத்தி, நூல், டாக்டர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்று, வித்தியாசம் காகிதத்தில், அதாவது பில்லை யார் கட்டுவது என்பதில். நான் ஏழு மாதம் படித்த பாடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் சட்டம் 1998-ல் வந்தது. அதன்படி எந்தத் திட்டத்தில் இருந்தாலும் குறிப்பிட்ட நோய்களுக்கு அவர்கள் கட்டியே ஆக வேண்டும், இங்கே எல்லாரும் பி.எம்.பி. என்று சொல்வது அதைத்தான். உடம்பில் 10 சதவீதத்துக்கு மேல் வெந்தாலும், தலை, கழுத்து, கை, மறைவிடம் ஆகிய இடங்களில் 5 சதவீதத்துக்கு மேல் வெந்தாலும் தோல் ஒட்டு உட்பட அதில் வரும். (உங்கள் உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து உங்கள் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம், அளந்துகொள்ளுங்கள்.) எனக்கு அவசர சிகிச்சை என்பதால் முதல் தடவை தகராறு வரவில்லை. தகராறு ஒரு வருடம் கழித்து வந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல் காய்ந்த வாழை மட்டை மாதிரி இறுகி, தோசைக்கல் பிடியைப் பிடிக்க முடியாது, கார் கியர் போட முடியாது. டாக்டர் ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டு எழுதினார். தழும்புத் திருத்தம், அழகு சார்ந்தது, கட்ட முடியாது என்று பதில்.

எனக்கு ஆத்திரம். கைச் சிகிச்சை பார்க்கும் தெரபிஸ்ட் பெண்தான் நிதானமாகச் சொன்னாள், அழுது எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், அளந்து எழுதுவோம் என்று. கோணமானியை வைத்து இடது கைக் கட்டை விரல் எவ்வளவு விரிகிறது, வலது எவ்வளவு என்று டிகிரியில் எடுத்தாள். இடது 55, வலது 20. பிடியின் பலத்தைக் கிலோவில் எடுத்தாள். நான் அன்றாடம் செய்ய முடியாத ஒன்பது வேலைகளைப் பட்டியல் போட்டோம், குழந்தைக்குத் தலை பின்னுவது வரை. அப்புறம் குறியீடு. இங்கே ஒவ்வொரு நோய்க்கும் ஐ.சி.டி. 10 குறியீடு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். முதலில் போனது எல்90.5, வெறும் தழும்பு. அதோடு டி95.2, அதாவது கையில் பட்ட தீக்காயத்தின் பின்விளைவு, சேர்ந்து போயிருக்க வேண்டும், யாரோ அவசரத்தில் விட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து, அளவுகளை வைத்து, மேல்முறையீடு செய்தோம், அனுமதி வந்தது. உங்கள் தாளில் இசட்41.1 என்று இருந்தால் அது தோற்றத்துக்காக மட்டும் செய்யும் ஆபரேஷன் என்று பொருள், அதற்குக் காசு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக டாக்டரிடம் பொய்க் குறியீடு போடச் சொல்லாதீர்கள், அது மோசடி, உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். உண்மையான கஷ்டம் முழுவதும் தாளில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண் இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறதா, பார்வைப் பரப்புச் சோதனை எடுத்து இணையுங்கள். மூக்கில் நடுத்தண்டு வளைந்து மூச்சு அடைக்கிறதா, அந்தப் பகுதி ஒரு பில், வெளி அழகு இன்னொரு பில். மார்பு பாரத்தால் தோள் வலி, அடியில் புண் என்றால் எத்தனை வருடமாக என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்ற சீட்டுகளைத் தேடி எடுங்கள். இதில் பல திட்டங்கள் லேசில் சம்மதிப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்தைச் சீரமைப்பது பொதுவாகப் பி.எம்.பி.யில் வரும், ஆனால் இணைக்காக மற்றப் பக்கத்தைத் தூக்கிவிடுவதற்கும் கட்டுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திட்டத்துக்குள்ளேயே முறையிட்டும் ஆகவில்லை என்றால் மெடிக்கல் எய்ட்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்கு எழுதலாம், அதற்கு வக்கீல் வேண்டாம்.

அனுமதி வந்தாலும் முழுப் பணம் வரும் என்று நினைக்காதீர்கள். பி.எம்.பி.யில் வராதவற்றுக்குத் திட்டம் தன் சொந்த விகிதத்தில்தான் கட்டும், டாக்டர் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கலாம், மயக்க மருந்து டாக்டர் தனி பில் அனுப்புவார். மூன்று கொட்டேஷனை (டாக்டர், மயக்க மருந்து, ஆஸ்பத்திரி) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும்.

மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் அரசு வழி. கிளினிக்கில் தொடங்கி, ஆர்.கே. கான் மாதிரி ஆஸ்பத்திரி வழியாக, தேவைப்பட்டால் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். லுத்துலிக்கு நேராகப் போய் நிற்க முடியாது, பரிந்துரைச் சீட்டு வேண்டும். அவசரமில்லாத வேலைக்குக் காத்திருப்பு நீளம், ஆனால் பெரிய தீக்காயத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் கைதேர்ந்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அரசு என்பதால் மட்டமாக நினைக்க வேண்டாம். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை இருந்தால் வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உதட்டைப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தைப் பேச்சு வருமுன், ஒரு வயதை ஒட்டியும் மூடுவார்கள்.

யார் வெட்டப் போகிறார்

மாலில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உதட்டில் ஊசி போடுகிறாள், அவளும் தன்னை எஸ்தெடிக் என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். எஸ்தெடிக், காஸ்மெட்டிக் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன படிப்பு என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.யின் இணையப் பதிவேட்டில் டாக்டரின் பெயரைத் தட்டினால் அவர் எந்தத் துறையில் நிபுணராகப் பதிவானவர் என்று வரும், இரண்டு நிமிட வேலை, இலவசம். பிளாஸ்டிக் சர்ஜரி என்று வர வேண்டும். பொது மருத்துவர் என்று வந்தால் அவர் மோசமானவர் என்று அர்த்தமில்லை, ஆனால் உங்கள் வயிற்றைத் திறக்க அவர் வேண்டாம். அப்ராசா என்ற பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் உதவும்.

சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு அப்படியே திருப்பதியும் புடவைக் கடையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு யோசனை நம் ஆட்களிடம் சுற்றுகிறது. சென்னையில் அருமையான டாக்டர்கள் இருக்கிறார்கள், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். என் தயக்கம் டாக்டரைப் பற்றியது இல்லை, பயணத்தைப் பற்றியது. வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது, துபாய் வழியாக ஒரு நாள் முழுக்க மடங்கி உட்கார்ந்து வருவது அதைக் கூட்டும். டர்பன் திரும்பி மூன்றாம் வாரம் தையல் விட்டுக்கொண்டால் இங்கே யார் பார்ப்பார்கள்? இன்னொருவர் செய்த ஆபரேஷனைத் தொட இங்கே பல டாக்டர்கள் யோசிப்பார்கள், அழகு ஆபரேஷனின் சிக்கலுக்குப் பல மெடிக்கல் எய்ட்கள் கட்டுவதும் இல்லை.

கையெழுத்துக்கு முன்

இங்குள்ள 2003-ம் வருடத்துத் தேசியச் சுகாதாரச் சட்டப்படி உங்கள் நிலை, என்னென்ன வழிகள், நன்மை, ஆபத்து, செலவு, வேண்டாமென்று சொல்லும் உரிமை எல்லாவற்றையும் டாக்டர் சொல்ல வேண்டும், முடிந்தவரை உங்களுக்குப் புரியும் மொழியில். நம் வீட்டுப் பாட்டிகளில் சிலருக்கு ஆபரேஷன் பேச்சு தமிழில்தான் புரியும். பேத்தியை விட்டு மொழிபெயர்க்கச் சொன்னால் அவள் பாட்டி பயப்படுவாளே என்று ஆபத்தையெல்லாம் முழுங்கிவிட்டு "ஒண்ணுமில்ல ஆயா, சின்ன வேலை" என்று முடித்துவிடுவாள். நேரில் பார்த்திருக்கிறேன். மூத்தவர் யாராவது உட்காருங்கள்.

நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் உபயோகப்பட்டவை: எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இதைவிடச் சின்ன வழி இருக்கிறதா? நீங்கள் இதை மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? சரியாக வராவிட்டால் மறுபடி செய்ய யார் பணம் கட்டுவது, உங்கள் கூலி மட்டும் இலவசமா, தியேட்டரும் மயக்க மருந்தும் சேர்த்தா? என் போட்டோவை எங்கே போடுவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் அவர்கள் நீட்டும் தாளில் ஏழாவது எட்டாவது வரியில் ஒளிந்திருக்கும், படியுங்கள். அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் லீவையும் கணக்கிடுங்கள். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் சட்டப்படி நோய் விடுப்பு 36 மாதத்துக்கு 30 நாள்தான், பெரிய ஆபரேஷன் ஒன்றே அதைத் தின்றுவிடும்.

உடம்பைத் தயார் செய்வது பற்றிச் சுருக்கமாக. புகை, வேப், ஹூக்கா, நிகோட்டின் கம் எல்லாம் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிற்க வேண்டும், நிகோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கித் தோலின் ஓரத்தை அழுகவிடும், டாக்டரிடம் மறைத்தால் தண்டனை உங்கள் தோலுக்குத்தான். சர்க்கரை நம் வீடுகளில் யாருக்கு இல்லை, மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பலர் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள். ஆஸ்பிரின், இரத்தம் இளக்கும் மாத்திரை, மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள் மாத்திரை எதுவானாலும் பட்டியல் கொடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் முக்கியமாக.

அழகு வேலைகளில் சில

கொழுப்பு உறிஞ்சுவது எடை குறைக்கும் வழி இல்லை, டயட்டுக்கு அசையாத ஒன்றிரண்டு இடங்களைச் சரிசெய்யத்தான். மார்பக இம்பிளான்ட் ஆயுசுக்கும் வராது, சிலிக்கான் என்றால் ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்க மருந்துத் துறை சொல்கிறது; சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட சில வகைகளை லிம்ஃபோமா என்ற ஓர் அரிய வகைப் புற்றுநோயின் காரணமாக 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள், ஆகவே உங்களுக்கு வைத்ததன் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பின்புறத்தில் கொழுப்பு ஏற்றும் ஆபரேஷன் இங்கேயும் பரவுகிறது. அதில் சுமார் 3,000 பேரில் ஒருவர் இறந்ததாக 2017 வாக்கில் கணக்கிட்டார்கள், கொழுப்பு பெரிய இரத்தக் குழாய்க்குள் போய் நுரையீரலை அடைப்பதால். தசைக்குள் போடாமல் தோலடியில் மட்டும் போட வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். உதட்டிலோ மூக்கிலோ ஃபில்லர் என்ற புடைக்க வைக்கும் ஊசி போட்டபின் தோல் வெளுத்தாலோ தாங்க முடியாமல் வலித்தாலோ அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஓடுங்கள், கரைக்கும் மருந்து இருக்கிறது. அந்த மருந்து கையில் இருக்கிறதா என்று ஊசி போடுமுன் கேளுங்கள்.

கிழிந்த காது மடலுக்குப் பெரிய யோசனை வேண்டியதில்லை, மரக்க ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் தைத்துவிடுவார்கள். சில மாதம் கழித்து, தையல் கோட்டின் மேலே இல்லாமல் பக்கத்தில் குத்திக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்குப் போட்ட அந்தப் பாரக் கம்மலைப் பேத்திக்குக் கொடுத்துவிடுங்கள். கீலாய்டு காதில் இருந்தால் மட்டும் வெறுமனே வெட்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள், வெட்டினால் முன்பைவிடப் பெரிதாக வருவது சகஜம். வெட்டுவதோடு ஸ்டீராய்டு ஊசியோ, அழுத்தும் கம்மலோ, கதிர் சிகிச்சையோ சேர வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

என் இரண்டாவது ஆபரேஷன், அந்தக் கட்டை விரல் இடுக்கில், நேரான தழும்பை இசட் எழுத்து மாதிரி வெட்டி முக்கோணங்களை இடம் மாற்றித் தைத்தது. தாளில் வெட்டிப் பாருங்கள், அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நீளம் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகான வேலைதான் மாதக்கணக்கு. இராத்திரி விரலை விரித்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட், பகலில் பயிற்சி. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அழுத்தக் கையுறை ஒரு நாளைக்கு 23 மணி நேரம், குளிக்க மட்டும் கழற்றலாம். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு சமைத்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும். இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று துவைக்க. சிலிக்கான் தகடு ஒட்டச் சொன்னால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது. வெயில் படாமல் ஒரு வருடம்.

கறுத்த ஒட்டை வெளுக்க வைக்கிறேன் என்று யாராவது தெருவோரக் கடையில் விற்கும் வெளுப்புக் கிரீமை நீட்டுவார்கள். அழகுப் பொருளில் ஹைட்ரோகுவினோன் போடக் கூடாது என்று இந்த நாடு 1990-லேயே தடை செய்தது, இன்னும் பேப்பர் பையில் சுற்றி விற்கிறார்கள். தொடாதீர்கள். தீப்பட்டதும் மஞ்சளும் பற்பசையும் முட்டையும் அப்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம், கடிகாரம் பார்த்து. என் கையில் அன்றைக்கு மாவை அப்பினார்கள்.

நாத்தனார் கதைக்கு வருகிறேன். மூன்று பிள்ளை, இருபத்தைந்து கிலோ குறைத்தவள், வயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது, அதை எடுக்க வேண்டும் என்றாள். பதிவேட்டில் பார்த்து ஒரு டாக்டரிடம் போனோம். மடிப்பின் அடியில் புண் வருகிறதா என்று கேட்டார், வரவில்லை, ஆகவே இசட்41.1, சொந்தப் பணம். எடை ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும், பிறகு வாருங்கள் என்றார். அவளை நிற்க வைத்து, ஊதா பேனாவால் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மற்ற இடுப்பெலும்பு வரை வரைந்தார், தொப்புளைச் சுற்றி இன்னொரு வட்டம். வீட்டுக்கு வந்து சேலையை விலக்கி எனக்குக் காட்டினாள். "அண்ணி, இவ்வளவு நீளமா?" என்றாள். நாங்கள் தையல் நாடாவை எடுத்து அளந்தோம், 46 சென்டிமீட்டர். இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கு வரும்போது எங்கள் வீட்டு எடை மெஷினில் ஏறி நிற்கிறாள், எண்ணை என்னிடம் சொல்வதில்லை, அந்த நாடாவை மட்டும் இன்னும் அவள் கைப்பையில்தான் வைத்திருக்கிறாள்.